'கனெக்டட்' என்றால் போதுமா?



மயிலாப்பூரில் ஒரு கூடம் நிறைந்தால் அங்கே கச்சேரியோ உபன்யாசமோ நடக்கும். இன்றைக்கு இரண்டும் இல்லை. பிஎச்பியில் எழுதிய ஓர் இணையதளத்தை மைசீக்வல் தரவுத்தளத்தோடு இணைப்பது எப்படி, இணைந்த பிறகு அந்த இணைப்பைச் சோதிப்பது எப்படி என்பதுதான் என் தலைப்பு. யாரும் பயப்பட வேண்டாம். நிரல் வரி ஒன்றைக்கூடப் பலகையில் எழுதப்போவதில்லை. வாயால் சொல்ல முடியாத எதையும் இன்று சொல்வதாக இல்லை.

இது கணினிக்காரர்களின் சங்கதி, நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்மைச் சுற்றிப் பாருங்கள். மாட வீதிகளில் இருக்கும் சபாவுக்கு இணையதளம் இருக்கிறது. டி.நகர் ஜவுளிக் கடைக்கு இருக்கிறது. அடையாறில் டோக்கன் கொடுக்கும் டாக்டருக்கு இருக்கிறது. பெசன்ட் நகரில் பழைய புத்தகங்களின் பட்டியலைப் போட்டு வைத்திருக்கும் வாசகர் வட்டத்துக்கும் இருக்கிறது. இவற்றில் பாதியைக் கட்டியது யார்? செயலாளரின் அண்ணன் மகன். இரண்டு வாரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு அவன் அமெரிக்கா போய்விட்டான். தளம் இங்கேயே இருக்கிறது. அதில் ஏதாவது உடைந்தால் முழிப்பது நாம்தான்.

எனவே இன்றைய பேச்சுக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழி சீசன் வருகிறது. எந்தச் சபாவில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் கச்சேரி என்று தமிழில் காட்டும் ஒரு சின்னத் தளம் வேண்டும். சபாக்களுக்கு ஓர் அட்டவணை, கலைஞர்களுக்கு ஓர் அட்டவணை, கச்சேரிகளுக்கு ஓர் அட்டவணை. அவ்வளவுதான்.

முதலில் ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். பிஎச்பி என்ற மொழியை 1994இல் தொடங்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். கிரீன்லாந்தில் பிறந்தவர். தன்னுடைய சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணத்தான் அதைச் செய்தார். மைசீக்வல் 1995இல் ஸ்வீடனில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடினியஸ், தன் மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். 2008இல் சன் என்ற கணினி நிறுவனம் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. விடினியஸ் சும்மா இருக்கவில்லை. 2009லேயே ஒரு கிளையைப் பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்று வைத்துவிட்டார். ஸ்வீடன் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்திருங்கள். அந்த நாட்டுக்கும் நம் தமிழுக்கும் ஒரு வம்பு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பிஎச்பி, மைசீக்வல் ஜோடியின் பெருமைக்கு ஒரு சான்று போதும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தாங்கி நிற்கிறதே, அது ஓடுவது பிஎச்பியில். கட்டுரைகளின் பின்னால் இருப்பது மைசீக்வலின் கிளையான அந்த மரியாடிபி.

சரி, இணைப்புக்கு வருவோம். பிஎச்பி தரவுத்தளத்தின் கதவைத் தட்டும்போது என்னென்ன சொல்ல வேண்டும்? எந்தக் கணினியில் இருக்கிறாய், எந்த போர்ட், யார் பெயரில் வருகிறேன், கடவுச்சொல் என்ன, எந்தத் தரவுத்தளம் வேண்டும், எந்த எழுத்துக் குறியீட்டில் பேசப்போகிறேன். மொத்தம் ஆறு செய்திகள். போர்ட் பெரும்பாலும் 3306. சொல்லாவிட்டாலும் அதுவே புரிந்துகொள்ளும். கடைசியாகச் சொன்னேனே, எழுத்துக் குறியீடு, அதைத்தான் பாதிப் பேர் சொல்லாமல் விடுகிறார்கள். நம் பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இணைப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? திரையில் ஒரு பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? படிப்பதே இல்லை! கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், கணினியை அணைத்து ஏற்றுகிறார்கள். நண்பர்களே, பிழைச் செய்தி வசவு இல்லை. நீங்கள் எவ்வளவு தூரம் வந்து நின்றுவிட்டீர்கள் என்பதை அது சொல்கிறது.

'குட் நாட் ஃபைண்ட் டிரைவர்' என்று வந்தால் நீங்கள் இன்னும் புறப்படவே இல்லை என்று பொருள். பிஎச்பியில் மைசீக்வலோடு பேசும் இணைப்புப் பகுதியே ஏற்றப்படவில்லை. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயன் கிடையாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உபுண்டு போன்ற லினக்சில், கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கு ஓர் அமைப்புக் கோப்பு, இணையத்தில் ஓடும் பிஎச்பிக்கு வேறொரு அமைப்புக் கோப்பு. டெர்மினலில் சோதித்தால் வேலை செய்யும். பிரவுசரில் பார்த்தால் டிரைவர் இல்லை என்று சொல்லும். எந்த வழியாகத் தளம் ஓடப்போகிறதோ அந்த வழியாகவே சோதியுங்கள்.

2002 என்ற எண்ணோடு பிழை வந்தால் புறப்பட்டுவிட்டீர்கள், ஆனால் மைசீக்வலை அடையவில்லை. இங்கேதான் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்றாலும் 127.0.0.1 என்றாலும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். விண்டோசில் ஏறக்குறைய ஒன்றுதான். லினக்சில் ஒன்றில்லை! லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் பிஎச்பி வலைப்பின்னல் வழியாகப் போகவே போகாது. சாக்கெட் என்ற ஒரு கோப்பைத் தேடும். அந்தக் கோப்பு எதிர்பார்த்த இடத்தில் இல்லையென்றால் 'நோ சச் ஃபைல்' என்று திரும்பிவிடும். வீட்டில் விண்டோசில் எக்ஸ்ஏஎம்பிபி என்ற தொகுப்பைப் போட்டு எழுதிய தளம், லினக்ஸ் சர்வரில் ஏற்றியவுடன் படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று போட்டுப் பாருங்கள். உடனே இணைந்தால் கோளாறு சாக்கெட்டில். அப்போதும் 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், மைசீக்வல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

1045 வந்தால்? 'ஆக்சஸ் டினைட்'. என்னைக் கேட்டால் இது நல்ல செய்தி. மைசீக்வல் இருக்கிறது, உங்கள் குரல் அதற்குக் கேட்டிருக்கிறது, உங்களை அது அடையாளம் கேட்கிறது. அந்தச் செய்தியின் வாலில் 'யூசிங் பாஸ்வேர்ட்' என்று இருக்கும். பக்கத்தில் எஸ் அல்லது நோ. வாலை யாரும் படிப்பதில்லை. நோ என்று இருந்தால் உங்கள் நிரல் கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை; அமைப்புக் கோப்பைப் படிக்கத் தவறியிருக்கலாம். எஸ் என்று இருந்தால் அனுப்பியது, ஆனால் கடவுச்சொல்லோ பெயரோ பொருந்தவில்லை. அந்த ஒரு சொல்லைப் படித்திருந்தால் ஒரு பிற்பகல் மிச்சம். இன்னொன்று: மைசீக்வலில் ஒரு பயனர் என்பவர் பெயர் மட்டும் இல்லை, பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்ததுதான் பயனர். லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் ஒரு பெயரும், வேறு கணினியிலிருந்து வரும் அதே பெயரும் அதன் கண்ணுக்கு இரண்டு பேர்.

1049 என்றால் கேட்ட தரவுத்தளம் இல்லை. பெயரில் எழுத்துப் பிழை. பார்த்துத் திருத்துங்கள், அவ்வளவுதான்.

பழைய புத்தகம் வைத்துப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். மைசீக்வலோடு பேசப் பிஎச்பியில் முன்பு ஒரு பழைய செயற்கூறுத் தொகுதி இருந்தது. 2013இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பிஎச்பி 7 வந்தபோது அடியோடு நீக்கினார்கள். பிஎச்பி 7 வெளியான நாள் 2015 டிசம்பர் 3. அன்றைக்குச் சென்னையில் அதைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது? முந்தின நாட்களில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் கிடந்தன. நாம் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் பழைய கதவு மூடியாகிவிட்டது. இன்று இருப்பவை இரண்டு: மைசீக்வல்ஐ ஒன்று, பிடிஓ இன்னொன்று. எதை எடுத்தாலும் சரி. நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் பிடிஓ. என் ஓட்டு பிடிஓவுக்கு.

இப்போது இணைந்துவிட்டோம். திரையில் 'கனெக்டட் சக்சஸ்ஃபுல்லி' என்று வருகிறது. வகுப்பில் கைதட்டுகிறார்கள். பாடப் புத்தகம் அந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடுகிறது. நான் கேட்கிறேன், இது சோதனையா? தொலைபேசியில் எதிர்முனை 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டு, பேசியாகிவிட்டது என்று சொல்லுவோமா? எதிர்முனையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்று பார்க்க வேண்டாமா? சொன்னதைச் சரியாக எழுதிக்கொண்டாரா என்று திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டாமா?

எழுது. திரும்பப் படி. எண்ணிப் பார். இந்த மூன்றும் நடந்தால்தான் சோதனை.

ஸ்வீடனோடு நமக்கு ஒரு வம்பு என்றேனே, அது இதுதான். மைசீக்வல் ஸ்வீடனில் பிறந்ததால், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துகளை லத்தீன்-1 என்ற குறியீட்டில் வைத்துக்கொள்ளும். ஸ்வீடிஷ் அகரவரிசையில் அடுக்கும். பிறந்த நாளிலிருந்து அதுதான் இயல்பு. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது மாறியது. அதாவது, ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், சென்னையில் யாராவது சொல்ல மறந்த ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தமிழ்ப் பெயர்கள் ஸ்வீடிஷ் சட்டத்தின்படி குடியிருந்தன!

அப்படியானால் பழைய தமிழ்த் தளங்கள் எப்படி ஓடின? நல்ல கேள்வி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீடுகளும் அப்போது தரப்படுத்தப்பட்டவை. அதற்கு முன்பே டிஸ்கி என்ற குறியீடு இருந்தது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை அதில் வெளியிட்டது. இந்தக் குறியீடுகள் எல்லாமே ஒரு குறிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் 256 இடங்களுக்குள் தமிழை அடக்கியவை. லத்தீன்-1க்கும் அதே ஒரு பைட் கணக்கு. மைசீக்வல் அவற்றை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாங்கி வைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தது. நம் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்ததால் அது தமிழாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமலே குடும்பம் நடந்தது.

பிறகு எல்லோரும் யூனிகோடுக்கு வந்தோம். யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் அன்றாட வழக்கில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். இங்கே வேடிக்கையைப் பாருங்கள். அட்டவணையை யூடிஎஃப்-8 என்று சரியாகவே அமைத்துவிட்டோம். இணைப்பில் மட்டும் குறியீட்டைச் சொல்ல மறந்தோம். அது லத்தீன்-1 ஆகவே இருந்தது. 'த' என்ற எழுத்தின் 3 பைட்டை மைசீக்வல் 3 ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணி, அந்த ஒவ்வொன்றையும் மறுபடி யூடிஎஃப்-8 ஆக மாற்றி வைத்துக்கொண்டது. திரும்பக் கேட்கும்போது அதே தவறைத் தலைகீழாகச் செய்து கொடுத்தது. திரையில் என்ன தெரியும்? அழகான தமிழ் தெரியும்! யாருக்கும் சந்தேகம் வராது. வருஷக்கணக்கில் ஓடும்.

எப்போது வெடிக்கும்? ஹோஸ்டிங் மாற்றும்போது. பிஎச்பி பதிப்பை உயர்த்தும்போது. யாரோ ஒரு புத்திசாலி இணைப்பில் சரியான குறியீட்டைச் சேர்க்கும்போது. ஆம், சரியானதைச் செய்தவுடன்தான் உடையும்! திரை முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே 'ஏ', மறுபடி அதே 'ஆர்'. இந்த இரண்டையும் பார்க்காத தமிழ்த் தளக்காரர் இந்த ஊரில் இருக்க முடியாது. பார்த்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: அந்தக் கோலம் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, மீட்டுவிடலாம். கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அட்டவணை லத்தீனில், இணைப்பு யூனிகோடில் என்றால், மைசீக்வல் தனக்குத் தெரியாத ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிடும். அங்கே மீட்க ஒன்றும் இல்லை. கண்டிப்பான முறையில் ஓடும் புதிய பதிப்புகள் அப்படிச் சேமிக்காமல் பிழை சொல்லி நிறுத்திவிடுகின்றன. 2015இல் வந்த 5.7இலிருந்து அந்தக் கண்டிப்பு இயல்பாகவே உண்டு. நான் அதற்கு நன்றி சொல்லுவேன்.

திரையில் தமிழ் தெரிந்தால் போதாது என்றால், எப்படித்தான் கண்டுபிடிப்பது? எண்ணிக் கண்டுபிடிக்கலாம். நாம் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர். கண்ணுக்கு எத்தனை எழுத்து? ம, யி, லா, ப், பூ, ர். ஆறு. யூனிகோடு கணக்கில் எத்தனை குறி? உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்: 11. பைட் கணக்கில்? பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33.

இந்தப் பெயரைத் தளத்தின் வழியாகவே அட்டவணையில் எழுதுங்கள். பிறகு மைசீக்வலையே கேளுங்கள்: இந்தப் பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை பைட்? 11 என்றும் 33 என்றும் சொன்னால் இணைப்பு சரி. நிம்மதியாகக் காபி குடிக்கலாம். எழுத்து 33 என்றும் பைட் 66க்கு மேலும் சொன்னால், திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் உள்ளே குப்பை. ஒரே ஒரு வரி வினவல். இதைச் செய்யாமல் தமிழ்த் தளம் திறப்பவர்களை நான் நம்ப மாட்டேன்.

குறியீட்டை எழுதும்போது யூடிஎஃப்8 என்று மட்டும் எழுதினால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மைசீக்வலில் பழைய யூடிஎஃப்8 என்ற பெயர் 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழுக்கு 3 பைட் போதுமே என்பீர்கள். போதும், ரசிகர் ஒருவர் 'கச்சேரி அருமை' என்று எழுதிக் கைகூப்பும் பொம்மையைப் போடுகிற வரைக்கும். அந்தப் பொம்மைக்கு 4 பைட். பழைய தளர்ந்த அமைப்பில் அந்த இடத்தோடு கருத்து வெட்டுப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அவர் எழுதிய பத்து வரியும் போயிற்று. பொம்மைதானே என்று அலட்சியம் செய்பவர்களுக்கு நம் வீட்டுச் சரக்கையே காட்டுகிறேன். முந்திரி, காணி, மா என்ற பழந்தமிழ்ப் பின்னங்களின் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ் இணைப்பு என்ற தனிப் பகுதியாகச் சேர்ந்தன. மொத்தம் 51 குறிகள். அத்தனையும் 4 பைட்! கோயில் கணக்கையோ பழைய நிலப் பத்திரத்தையோ உள்ளபடி ஏற்ற நினைப்பவர்கள் யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதியே ஆக வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. விக்கிப்பீடியாக்காரர்கள் தரவுத்தளத்துக்கு இது எந்த மொழி என்றே சொல்வதில்லை. எல்லாவற்றையும் வெறும் பைட்டுகளாகக் கொடுத்து வைக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. நமக்கு வேண்டாம், பெயர்களைத் தேடவும் அடுக்கவும் நாம் தரவுத்தளத்தைத்தானே நம்பியிருக்கிறோம்.

தமிழ் முடிந்தது. அடுத்து முகவரிக்கு வருவோம். மயிலாப்பூரில் டி'சில்வா ரோடு தெரியாதவர் யார்? செயின்ட் மேரி'ஸ் ரோடு தெரியாதவர் யார்? இரண்டு பெயரிலும் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. எஸ்க்யூஎல் மொழியில் எழுத்துச் சரம் அந்தக் குறியில்தான் தொடங்கும், அந்தக் குறியில்தான் முடியும். படிவத்தில் வந்த முகவரியை அப்படியே வினவலில் ஒட்டுகிற தளத்தில், டி'சில்வா ரோடுக்காரர் ஒருவர் டிக்கெட் கேட்டால் என்ன ஆகும்? 'டி'யோடு வாக்கியம் முடிந்துவிட்டது என்று மைசீக்வல் நினைக்கும். மீதி 'சில்வா ரோடு' அதற்குக் கட்டளை! பாவம், அந்த ஆள் ஒரு தப்பும் செய்யவில்லை. தன் தெருவின் பெயரைத்தான் எழுதினார். அதே ஓட்டையில் கெட்ட எண்ணம் உள்ளவன் நுழைந்தால் அட்டவணையையே படிப்பான், அழிப்பான். இதற்கு மருந்து, வினவலை முன்பே தயாராக எழுதி, மதிப்புகளை இடம் விட்டுத் தனியே அனுப்பும் முறை. பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் என்பார்கள். பிடிஓவிலும் உண்டு, மைசீக்வல்ஐயிலும் உண்டு. உங்கள் சோதனைத் தரவில் டி'சில்வா ரோடு கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து நேரம். கச்சேரி மாலை 6.15க்கு. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ, பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் ஓடும். இணைந்தவுடன் மைசீக்வலிடம் மணி என்ன என்று கேளுங்கள். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் சொன்னால், 'இப்போது நடப்பவை' என்ற பக்கத்தில் மாலைக் கச்சேரி நள்ளிரவில் தோன்றும். இணைப்பிலேயே +05:30 என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஊருக்கு ஒரு காலத்தில் சொந்த நேரமே இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. ரயில்கள் அதன்படி ஓடின. 1906இல் இந்திய நேரம் வந்து அதை ஓரங்கட்டியது. அந்த நேரத்தில் மைசீக்வல் இருந்திருந்தால் எவ்வளவு சிக்கல் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

கூட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மைசீக்வல் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகள், நாம் மாற்றாவிட்டால், 151. நமக்கு அது தாராளம். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வீடுகள் ஒரே சமயத்தில் ஒரு தளத்தைத் தட்டுகின்றனவே, அந்த வேலையை 151 இணைப்பை நம்பி யாரும் தொடங்க மாட்டார்கள். உங்கள் சபா டிக்கெட் விற்பனை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது என்றால், பத்து பேரை அவரவர் மொபைலோடு உட்கார வைத்து ஒரே நிமிடத்தில் திறக்கச் சொல்லுங்கள். அந்த அளவாவது செய்யுங்கள்.

இதுவரை நடக்க வேண்டியவை நடக்கின்றனவா என்று பார்த்தோம். நடக்கக் கூடாதவை நடக்காமல் இருக்கின்றனவா என்று யார் பார்ப்பது? எக்ஸ்ஏஎம்பிபி நிறுவினால் 'ரூட்' என்ற சர்வ அதிகாரப் பயனர் கடவுச்சொல் இல்லாமலே வருவார். வீட்டில் பழகுவதற்கு அது சரி. அதே பழக்கத்தில் பொதுத் தளத்திலும் ரூட் பெயரில் இணைகிறார்களே, அதுதான் கொடுமை. தளத்துக்கென்று தனிப் பயனர் வேண்டும். படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க என்ற அதிகாரங்கள் போதும். அந்தப் பயனராக உள்ளே போய், ஓர் அட்டவணையையே அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். நகலில் கொடுங்கள், அசலில் வேண்டாம்! 'முடியாது' என்று மைசீக்வல் மறுத்தால் சோதனையில் தேறியது. வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தும் பாருங்கள். தளம் என்ன சொல்கிறது? 'சற்று நேரம் கழித்து வாருங்கள்' என்று பணிவாகச் சொல்கிறதா, உங்கள் கோப்பு இருக்கும் இடம், பயனர் பெயர் எல்லாவற்றையும் ஊருக்குக் கொட்டுகிறதா? பிடிஓ இணைப்புப் பிழையைப் பிடிக்காமல் விட்டால் கடவுச்சொல்கூடத் திரையில் வர வாய்ப்புண்டு என்று பிஎச்பியின் கையேடே எச்சரித்திருக்கிறது. பிழையின் விவரம் பதிவேட்டில் விழட்டும். பார்வையாளருக்கு அது தேவையில்லை.

பிழையை விழுங்குவது இன்னொரு பாவம். பிழை வந்தாலும் வாய் திறக்காதே என்று சொல்ல பிஎச்பியில் ஒரு குறி உண்டு. வரிக்கு முன்னால் 'அட்' குறியைப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றும் வேலை அது. நல்லவேளை, காலம் மாறிவிட்டது. 2020இல் வந்த 8.0இலிருந்து பிடிஓவும், 2021இல் வந்த 8.1இலிருந்து மைசீக்வல்ஐயும், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் பிழையைச் சத்தமாகவே எழுப்புகின்றன. அதை அடக்காதீர்கள்.

சோதித்து முடித்தபின்? சோதனைக்கு எழுதிய கோப்பை அழியுங்கள். சர்வரின் சகல விவரங்களையும் காட்டும் 'பிஎச்பிஇன்ஃபோ' பக்கத்தை அழியுங்கள். 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பு பல தளங்களில் பல ஆண்டுகளாக அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாணவர்களே, இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா மைசீக்வலைப் பற்றி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதே வரிசையில் பிஎச்பிக்கு இரா. கதிர்வேல் எழுதியது இருக்கிறது. இரண்டும் மின்னூலாக இலவசம். காசு கேட்காமல் ஒருவர் நம் மொழியில் எழுதி வைத்திருக்கும்போது, 'தமிழில் எங்கே சார் புத்தகம்' என்று கேட்பது நியாயமா?

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். மைசீக்வல் 8.0இல் இயல்புக் குறியீடு மாறிவிட்டது உண்மை. ஆனால் அது புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்குத்தான். 2008இலோ 2012இலோ உங்கள் சபாவுக்கும் நூலகத்துக்கும் குறியீட்டைச் சொல்லாமல் கட்டிய அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. எத்தனை முறை பதிப்பை உயர்த்தினாலும் ஸ்வீடிஷ் சட்டத்தில்தான் இருக்கும். இந்த வாரமே தளத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். முழுத் தரவையும் முதலில் ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மயிலாப்பூர் என்று இருக்கும் ஒரு பதிவைக் காட்டச் சொல்லி, எத்தனை எழுத்து, எத்தனை பைட் என்று கேளுங்கள். 11, 33 என்று வந்தால் விட்டுவிடுங்கள். வேறு எண் வந்தால், மார்கழிக்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.